கரும்புத் தோகையும் கண்ணின் மரபணுக்களும்

பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் சாலையில் ஆர்ச் கேட் நிறுத்தத்தில் இறங்கினால் நெய்வேலி நகரியம். எண் போட்ட பிளாக்குகள், நேராக ஓடும் சாலைகள், இருபுறமும் நிழல் மரங்கள். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. அது பழுப்பு நிலக்கரி என்று பின்னால் தெரிந்தது. 1956இல் அதை வெட்டி எடுக்க நிறுவனம் அமைந்தது. 1961இல் முதல் நிலக்கரி வெளியே வந்தது. சுரங்கத்தின் விளிம்பில் நின்று பார்த்தால் சிவந்த மண் படிப்படியாக இறங்குகிறது. அடியில் கறுப்புப் படுகை. அதற்கும் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர். அந்த நீரை இரவும் பகலும் இறைத்தால்தான் கரியை வெட்ட முடியும். சக்கரம் முழுக்க வாளிகள் கொண்ட ராட்சத இயந்திரம் சுழலும்போது புழுதி மேலெழுந்து வெயிலையே மங்கலாக்குகிறது.

இந்தப் புழுதிக்கு நடுவே வேலை செய்கிறவர்களுக்குத் தலைக்கவசம் உண்டு. வெல்டிங் பட்டறையில் கறுப்புக் கண்ணாடி உண்டு. ஏதாவது பட்டுவிட்டால் போவதற்கு நகரியத்துக்குள்ளேயே மருத்துவமனை உண்டு. நகரியத்தின் வேலியைத் தாண்டினால் முந்திரிக்காடும் பலாத்தோப்பும் கரும்புக்கொல்லையும் நெல்வயலும். அங்கே கண்ணாடி போட்டுக்கொண்டு கரும்பு வெட்டும் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

கண்ணைப் பற்றி எழுதவேண்டும் என்றுதான் இந்தப் பயணத்தைத் தொடங்கினேன். மனிதக் கண்ணின் திசுக்களில் எந்த மரபணு எப்போது வேலை செய்கிறது, நோய் வந்தால் எது விழித்துக்கொள்கிறது, மருந்து விட்டால் எது அடங்குகிறது என்று மதுரையில் ஆராய்கிறார்கள். ஆய்வகத்துக்குப் போவதற்கு முன்னால், அந்த ஆராய்ச்சி யாருக்காக நடக்கிறதோ அவர்களைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அதனால் நெய்வேலியிலிருந்து கிளம்பினேன்.

மந்தாரக்குப்பத்தைத் தாண்டி உள்ளே போன ஒரு கிராமத்தில், திண்ணையில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார் ஓர் அம்மா. கொட்டையின் பால் பட்டுப் பட்டு விரல் நுனிகள் கறுத்திருந்தன. வலது கண்ணின் கருவிழி முழுக்க வெள்ளை. ஊர் வழக்கில் சொன்னால், பூ விழுந்த கண்.

“எப்படிம்மா ஆச்சு?” என்று கேட்டேன்.

“கரும்பு வெட்டப் போனப்ப தோவ கிழிச்சுது தம்பி. மொத நாளு ஒண்ணும் தெரியல. மறுநாளு கரிச்சுகிட்டே கெடந்துச்சு. பக்கத்து வூட்டுல புள்ள பெத்தவ தாய்ப்பாலு வுட்டா. அப்பறம் மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கியாந்து வுட்டோம். ரெண்டு நாளு செவப்பு கொறஞ்சாப்பல இருந்துச்சு. அப்பறம்தான் மோசமாப் போச்சு.”

“டாக்டர்கிட்ட எப்ப போனீங்க?”

“அறுவடை முடிஞ்சு.”

அவர் சொன்ன ஒவ்வொரு வரியும் தமிழ்நாட்டுக் கண் மருத்துவர்கள் தினமும் கேட்கும் கதை. தாய்ப்பால் விடுவார்கள், விளக்கெண்ணெய் விடுவார்கள், நாக்கின் நுனியால் தூசு எடுப்பார்கள். எல்லாம் அன்பால் செய்வது. ஆனால் தோகை கிழித்த கருவிழியில் ஏற்கனவே பூஞ்சையின் வித்து ஏறியிருக்கும். ஃபியூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் மண்ணிலும் காய்ந்த இலையிலும் இயல்பாக வாழ்பவை. கண்ணின் மேல்தோல் முழுதாக இருக்கும்வரை அவற்றால் உள்ளே நுழைய முடியாது. ஒரு கீறல் விழுந்தால் வழி திறந்துவிடுகிறது.

இது சின்னப் பிரச்சினை இல்லை. 1990களில் மதுரை மாவட்டத்தில் எடுத்த கணக்குப்படி, ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு மாவட்டத்தில் எடுத்த கணக்கைப் போல இது பத்து மடங்கு. 1994இன் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை மருத்துவர் எம்.சீனிவாசன் குழுவினர் ஆராய்ந்தார்கள். அவர்களில் 65 விழுக்காட்டினருக்கு முன்னதாகக் கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி வளர்ந்த மாதிரிகளில் ஏறக்குறைய பாதி பூஞ்சை. குளிர்நாடுகளில் கருவிழிப் புண் என்றால் பெரும்பாலும் கான்டாக்ட் லென்ஸும் பாக்டீரியாவும். இங்கே தோகையும் உமியும் பூஞ்சையும்.

விருத்தாசலம் சந்திப்பில் வைகை எக்ஸ்பிரஸ் ஏறினேன். அரியலூர் நெருங்கும்போது சுண்ணாம்புக்கல் குவாரிகளும் சிமென்ட் ஆலைகளும் வருகின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் கிடந்த நிலம் அது. பிறகு கொள்ளிடத்தின் நீண்ட பாலம், ஸ்ரீரங்கத்துக் கோபுரம், திருச்சி. வழியெங்கும் வயல். ஒவ்வொரு வயலிலும் குனிந்த முதுகுகள்.

ஆய்வகத்தில் பார்க்கப்போவது புரிய வேண்டுமானால் ஓர் அடிப்படைச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் ஒரே டி.என்.ஏ.தான் இருக்கிறது. புரதம் செய்யும் மரபணுக்கள் அதில் சுமார் 20,000. கண்ணின் செல்லிலும் கல்லீரலின் செல்லிலும் அதே 20,000தான். வேறுபாடு எது இயங்குகிறது, எது உறங்குகிறது என்பதில் இருக்கிறது. இயங்கும் மரபணு ஆர்.என்.ஏ. என்னும் படியை எழுதும். அந்தப் படியைப் பார்த்துப் புரதம் உருவாகும். ஒரு திசுவில் இருக்கும் ஆர்.என்.ஏ.க்களை எல்லாம் எடுத்து எண்ணிவிட்டால், அந்த நேரத்தில் அந்தத் திசு என்ன வேலையில் இருந்தது என்று தெரிந்துவிடும்.

கண் இந்தப் படிப்புக்கு அற்புதமான உறுப்பு. ஓர் அங்குல விட்டமுள்ள கோளத்துக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத திசுக்கள். கருவிழியின் மேல்தோலில் கெரட்டின் 3, கெரட்டின் 12 என்ற இரண்டும் மும்முரமாக இயங்குகின்றன. லென்ஸில் கிரிஸ்டலின் புரதங்களின் மரபணுக்கள். விழித்திரையில் மங்கிய ஒளியைப் பிடிக்கும் கோல் செல்களில் ரோடாப்சின். அதற்கு அடியில் உள்ள நிறமிப் படலத்தில் ஆர்.பி.ஈ.65, இந்த மரபணு பழுதான குழந்தைகளுக்குப் பார்வை போய்விடும். அதன் நல்ல பிரதியைக் கண்ணுக்குள் செலுத்தும் சிகிச்சைக்கு 2017 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. பாக்ஸ்6 என்ற மரபணுவோ கண் உருவாவதற்கே தலைமை. 1995இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் வால்டர் கெரிங் குழுவினர், எலியின் அந்த மரபணுவைப் பழ ஈயின் உடம்பில் வேறு இடங்களில் இயக்கினார்கள். ஈயின் காலிலும் இறக்கையிலும் கண் முளைத்தது.

லென்ஸின் நார்ச்செல்கள் முதிரும்போது தம் உட்கருவையே விட்டுவிடுகின்றன. ஒளிக்கு எந்தத் தடையும் இருக்கக் கூடாது என்பதற்காக அந்தத் துறவு. அதன் பிறகு புதிய படி எழுத வழியில்லை. கருவில் இருந்தபோது லென்ஸின் நடுவில் உருவான புரதம் எண்பது வயதிலும் அங்கேயே இருக்கிறது. அது கலங்கும்போது அதற்குக் கண்புரை என்று பெயர்.

மதுரையில் வைகைக்கு வடக்கே, அண்ணா நகரில் அரவிந்த் கண் மருத்துவமனை. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் ஆயிரக்கணக்கான கண்களுக்கு அறுவை செய்த மருத்துவர் கோ.வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின் 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. அவர் பெயரில் அமைந்த கண் ஆராய்ச்சி நிலையமும் மதுரையில்தான். காலையில் போனால் வாசலிலேயே தமிழ்நாடு தெரிகிறது: வேட்டி, லுங்கி, சேலை முந்தானையில் முடிந்த சில்லறை, தூக்குவாளியில் சோறு.

கருவிழிப் புண்ணை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அருகில் நின்று கவனித்தேன். ஆரஞ்சு நிறச் சாயம் தோய்ந்த காகிதத் துண்டை இமைக்குள் தொட்டு எடுக்கிறார்கள். விளக்கை நீலத்துக்கு மாற்றியதும் கருவிழியில் தோல் உரிந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிர்கிறது. மரத்துப்போக மருந்து விட்டு, மெல்லிய கத்தி முனையால் புண்ணின் ஓரத்தைச் சுரண்டுகிறார்கள். எடுத்தது கடுகளவுகூட இராது. அதைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விடுகிறார்கள். மனிதச் செல்கள் கரைய, பூஞ்சை மட்டும் நிற்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தேன். கிளை விட்ட இழைகள், குறுக்கே தடுப்புகள். சில நிமிடங்களில் நோய் தெரிந்துவிட்டது. என்ன மருந்து என்பதிலும் இந்த மண்ணின் நோயாளிகள்தான் உலகுக்கு விடை சொன்னார்கள். மதுரை, புதுச்சேரி, கோவை அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2013இல் வெளிவந்தது. விலை உயர்ந்த வோரிகோனசோலை விடப் பழைய நாடாமைசின் சொட்டு மருந்தே நல்ல பலன் தந்தது.

ஆனால் சரியான மருந்து கொடுத்தும் சில கண்கள் கரைந்து ஓட்டை விழுந்துவிடுகின்றன. ஏன்? இங்கேதான் மரபணுக்களின் இயக்கத்தைப் படிக்கும் வேலை தொடங்குகிறது. மருந்துக்குக் கட்டுப்படாத புண்ணில், கெட்ட கருவிழியை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, தானமாக வந்த கருவிழியைத் தைப்பார்கள். வெட்டி எடுத்த அந்தத் துண்டு முன்பெல்லாம் நோய்க்குறியியல் பரிசோதனையோடு முடிந்துபோகும். அதிலிருந்து ஆர்.என்.ஏ.வை எடுத்தால், கண் அந்தப் பூஞ்சையோடு எப்படிப் போராடியது என்று படிக்கலாம். மதுரை அரவிந்தின் லலிதா பிரஜ்னா, வெங்கடேஷ் பிரஜ்னா, தர்மலிங்கம் ஆகியோரும் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் இருந்த எரிக் பெர்ல்மனும் சேர்ந்து 2011இல் அப்படி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆஸ்பெர்ஜில்லஸ், ஃபியூசேரியம் தொற்றிய மனிதக் கருவிழிகளையும், தானமாக வந்த நோயற்ற கருவிழிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பூஞ்சையின் சுவரை அடையாளம் காணும் டெக்டின்-1 போன்ற ஏற்பிகளின் மரபணுக்களும், வெள்ளை அணுக்களைக் கூவி அழைக்கும் இன்டர்லூக்கின்களின் மரபணுக்களும் நோயுற்ற கண்ணில் பன்மடங்கு இயங்கின. வந்து குவிந்த செல்களில் நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளை அணுக்களே அதிகம். 2017இல் வந்த இன்னோர் ஆய்வு, நோய் முற்றிய நிலையிலும் இந்த எதிர்ப்பு அடங்காமல் நீள்கிறது என்று காட்டியது. பூஞ்சையைக் கொல்ல வந்த படை, தன் கருவிழியையும் சேர்த்து அரிக்கிறது.

அப்படியானால் எதிர்ப்பை அடக்க ஸ்டீராய்டு கொடுக்கலாமே என்று தோன்றும். முந்திரி உடைத்த அந்த அம்மாவுக்கு மெடிக்கலில் என்ன கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு நாள் சிவப்புக் குறைந்து பிறகு மோசமானது என்று அவர் சொன்னதைக் கேட்டால், எந்தக் கண் மருத்துவருக்கும் முதலில் ஸ்டீராய்டின் மீதுதான் சந்தேகம் போகும். ஸ்டீராய்டு செல்லுக்குள் நுழைந்து தன் ஏற்பியைப் பற்றிக்கொண்டு உட்கருவுக்கே போகிறது. அங்கே நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஏற்றி இறக்குகிறது. நியூட்ரோஃபில்களை அழைக்கும் குரல் அடங்குகிறது, சிவப்புக் குறைகிறது, பூஞ்சைக்குக் கேட்பாரில்லை. மருத்துவர் பார்த்து, கிருமி எதுவென்று அறிந்து, அளந்து கொடுக்கும்போது ஸ்டீராய்டு பல கண்களைக் காப்பாற்றும் மருந்து. சீட்டு இல்லாமல் வாங்கி விடும்போது அதுவே கண்ணைப் பறிக்கிறது.

ஸ்டீராய்டின் இன்னொரு கேடு வலியே இல்லாமல் வருவது. கண்ணுக்குள் ஒரு நீர் ஓயாமல் சுரந்து வடிந்துகொண்டிருக்கிறது. ஏரிக்கு மதகு போல அதற்கு டிரபெகுலர் மெஷ்வொர்க் என்ற சல்லடைத் திசு. ஸ்டீராய்டு சொட்டு மருந்தை வாரக்கணக்கில் விட்டால், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த வழி அடைபடத் தொடங்கிக் கண்ணழுத்தம் ஏறும் என்று 1960களிலேயே பெக்கர், ஆர்மலி என்ற இரு மருத்துவர்கள் காட்டினார்கள். அழுத்தம் ஏறினால் பார்வை நரம்பு சாகும். அதுதான் குளுக்கோமா, போன பார்வை திரும்பாது. ஸ்டீராய்டு பட்ட மெஷ்வொர்க் செல்களில் ஒரு மரபணு பெரிதாக இயங்குவதைக் கண்டுபிடித்தார்கள். மையோசிலின் என்ற அந்த மரபணுவில் ஏற்படும் பிறழ்வு பரம்பரைக் குளுக்கோமாவுக்கும் காரணம் என்று 1997இல் தெரிந்தது. ஆனால் மையோசிலின் எல்லாருடைய செல்லிலும் ஏறுகிறது. அழுத்தமோ சிலருக்குத்தான் ஏறுகிறது. அந்தச் சிலர் யார்?

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் அரவிந்த் ஆராய்ச்சி நிலையத்தின் ஸ்ரீனிவாசன் செந்தில்குமாரி. அவர் குழுவின் வழிமுறை என்னை மலைக்க வைத்தது. ஒருவர் இறந்த பிறகு குடும்பத்தார் ஆய்வுக்கும் சம்மதித்துக் கொடுத்த இரு கண்கள். ஒன்றின் முன்பாதியை, மெஷ்வொர்க் சிதையாமல் ஒரு தட்டில் பொருத்துகிறார்கள். உடல் வெப்பத்தில் வைத்து, கண்ணுக்குள் ஓடும் அதே வேகத்தில் ஊட்டநீரைச் செலுத்துகிறார்கள். உரியவர் மறைந்த பின்னும் அந்தத் திசு உயிரோடு நீரை வடிக்கிறது. பிறகு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைச் சேர்த்து, அழுத்தம் ஏறுகிறதா என்று நாள்கணக்கில் பதிகிறார்கள். மற்றொரு கண்ணின் மெஷ்வொர்க்கிலிருந்து செல்களைப் பிரித்து வளர்க்கிறார்கள். முதல் கண், இவர் ஸ்டீராய்டுக்கு அழுத்தம் ஏறுகிறவரா இல்லையா என்று சொல்லிவிடுகிறது. இரண்டாவது கண்ணின் செல்களில் ஸ்டீராய்டு எந்த மரபணுக்களை மாற்றியது என்று ஆர்.என்.ஏ. முழுவதையும் வாசித்துப் பார்க்கிறார்கள். 2022இல் வெளியான அவர்களது ஒப்பாய்வு, ஏறுகிறவர்களின் செல்களும் ஏறாதவர்களின் செல்களும் ஒரே ஸ்டீராய்டுக்கு வேறு வேறு மரபணுக்களைக் கொண்டு பதில் சொல்வதைக் காட்டியது. இந்தப் பாதை முன்னேறினால், சொட்டு மருந்து எழுதும் முன்பே யாருக்கு அது ஆகாது என்று ஒருநாள் சொல்ல முடியும்.

இதற்கெல்லாம் முதல் தேவை மனிதக் கண். எலியின் விழித்திரையில் தெளிவான பார்வைக்குரிய நடுப்புள்ளி கிடையாது. எலியை வைத்து எல்லாவற்றையும் அறிய முடியாது. உயிரோடு இருப்பவர் கண்ணிலிருந்து விழித்திரையையோ மெஷ்வொர்க்கையோ கிள்ளி எடுக்கவும் முடியாது. மனித உடலில் 50க்கும் மேற்பட்ட திசுக்களின் மரபணு இயக்கத்தைத் தொகுத்த ஜிடெக்ஸ் என்ற பெரிய அமெரிக்கத் திட்டத்தில்கூடக் கண் இடம்பெறவில்லை. அந்தக் குறையை நீக்க, அமெரிக்க தேசியக் கண் நிலையத்தில் ஆனந்த் ஸ்வரூப், ரிங்கி ரத்னப்ரியா என்ற இந்திய வம்சாவளி அறிவியலாளர்கள் 450க்கும் மேற்பட்ட தானக் கண்களின் விழித்திரையை வாசித்து 2019இல் வெளியிட்டார்கள். அது அங்கு வாழ்ந்தவர்களின் கண். வெயிலில் கரும்பு வெட்டி, கடையில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்கும் நம் மக்களின் கண்ணைப் பற்றி நாம்தான் அறிந்துகொள்ள வேண்டும்.

ஆய்வகத்தில் ஓர் இளம் ஆய்வாளர் மைனஸ் 80 டிகிரி குளிர்பெட்டியைத் திறந்து காட்டினார். வெண்புகை தரையில் வழிந்தது. அடுக்குகளில் சுண்டுவிரல் நகமளவுக் குழாய்கள். மூடியின் மேல் எண்கள். பெயர் எழுதுவதில்லை.

“ஆர்.என்.ஏ. ரொம்ப சீக்கிரம் சிதைஞ்சிடும் சார்” என்றார் அவர். “கண்ணு எவ்வளவு சீக்கிரம் எங்ககிட்ட வருதோ அவ்வளவு உண்மையா அது பேசும். வீட்டுக்காரங்க அழுதுகிட்டு இருக்கிற நேரத்துலதான் நாம கேட்கவேண்டி இருக்கு. அப்பவும் சரின்னு சொல்றாங்களே, அவங்களாலதான் இந்த வேலை நடக்குது.”

பிறருக்குப் பொருத்தத் தகுதியில்லாத கருவிழியும் இங்கே பயன்படுகிறது. பொருத்துவதற்குக் கருவிழி போன பிறகு மிஞ்சும் திசுக்களும் பயன்படுகின்றன. கண் தானத்துக்கு வயது தடையில்லை. கண்ணாடி போட்டவர், கண்புரை அறுவை செய்தவர், சர்க்கரை நோய் உள்ளவர் எல்லாரும் தரலாம். இறந்த 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அதுவரை இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையணையால் தலையைச் சற்று உயர்த்தி வைத்தால் போதும். முகம் விகாரமாவதில்லை.

இந்தப் பயணத்தில் கண்டதைக் கொண்டு வாசகர்களிடம் மூன்று வேண்டுகோள். வயலிலோ தோப்பிலோ கண்ணில் ஏதாவது பட்டால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். அறுவடைக்காகக் காத்திருக்க வேண்டாம். மருத்துவர் எழுதாத சொட்டு மருந்தை வீட்டில் யார் கண்ணிலும் விடாதீர்கள். மருந்துக்கடை வைத்திருப்பவர்களே, சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு கொடுக்காதீர்கள். வீட்டில் மரணம் நேர்ந்தால் அருகிலுள்ள கண் வங்கிக்குச் சொல்லுங்கள். சம்மதப் படிவத்தில் ஆய்வுக்கும் பயன்படுத்தலாமா என்று கேட்கும்போது தயங்காமல் சரி என்று எழுதுங்கள். கருவிழியைப் பொருத்தினால் ஒருவருக்குப் பார்வை கிடைக்கும். ஆய்வுக்குக் கொடுக்கும் திசுவோ நாம் ஒருநாளும் பார்க்காத ஊர்களில், கரும்புக்கொல்லைக்குப் போகிற எத்தனையோ பேரின் கண்ணைக் காக்கும்.